பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பூர்வீகத்தை விசாரிப்பது எப்படி: ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

செகண்ட் ஹேண்டில் ஒரு பாக்ஸ்டரோ, இசட் ஃபோரோ, மஸ்டாங்கோ பார்த்து வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஆர்.சி.யை ஆன்லைனில் தட்டிப் பார்த்தால் போதுமா? ஷோரூமில் சர்வீஸ் ரெக்கார்டு எடுக்க வேண்டுமா? தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் ஆகாதா? சில லட்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை என்று, கம்பெனியே சான்றளித்து விற்கும் பழைய காரை எடுத்துவிடலாமா?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சேஸிஸ் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்தால், விபத்து, கடன், மீட்டர் கணக்கு மூன்றையும் ஓரளவுக்கு ஒரே அறிக்கையில் வாங்கிவிடலாம். இந்தியாவில் அப்படி ஒன்றை நம்பி இருக்க முடியாது. விவரம் ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு இடமும் தன் வேலைக்கு வேண்டியதை மட்டும் குறித்து வைத்திருக்கிறது. ஆர்.டி.ஓ.வுக்கு வரி கட்டியதா என்பது தெரியும், ஏர்பேக் வெடித்ததா என்பது தெரியாது. ஆகவே எந்தச் சோதனை நல்லது என்பதை விட, எந்தப் பொய்யை எந்தச் சோதனை பிடிக்கும் என்று பார்ப்பதே சரி.

## எதை வைத்து எடை போடுவது

சட்டச் சிக்கல்: கடன் பாக்கி, திருட்டு, வரி ஏய்ப்பு, சுங்கம். இதில் தவறினால் கார் நன்றாக ஓடும், ஆனால் உங்கள் பெயருக்கு வராது.

அடியும் வெள்ளமும்: பெரிய விபத்து, டோட்டல் லாஸ் (பழுது பார்ப்பது கட்டாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்டது), தண்ணீரில் நின்றது.

ஓடிய தூரம்: மீட்டரில் இருப்பது நிஜமா.

ஓட்டிய விதம்: சாதாரண காருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுதான் உயிர். இன்ஜினை வரம்பு மீறிச் சுழற்றியது, ட்ராக்கில் ஓட்டியது, இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை) ட்யூன் செய்து விற்கும்முன் பழையபடி மாற்றியது எல்லாம் இதில் அடக்கம்.

செலவும் சம்மதமும்: எவ்வளவு ஆகும், விற்பவர் ஒத்துழைக்காமல் செய்ய முடியுமா.

## வழி 1: அரசுப் பதிவுகள்

பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டால் பதிவு தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், புகைச் சான்று, எச்.பி. (கடனுக்காகக் கார் மீது போட்ட அடமானம்) போட்ட வங்கி, பிளாக்லிஸ்ட் நிலை எல்லாம் வரும். இ-செலான் தளத்தில் அபராத பாக்கி தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் காவல்துறைக் குடிமக்கள் சேவைத் தளத்தில், அந்த வண்டி மீது திருட்டுப் புகார் இருக்கிறதா என்று பார்த்துச் சான்று எடுக்கலாம். செலவு கிட்டத்தட்ட இல்லை, விற்பவரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. காரைப் பார்க்கக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

எச்.பி. இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ப்பேச்சு செல்லாது. வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), எச்.பி.யை நீக்க வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-உம் வேண்டும். என்.ஓ.சி.யின் தேதியையும் பாருங்கள். பழையதாகிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் அதிகம் இடறி விழுவது புதுச்சேரிப் பதிவில். வரி குறைவு என்பதால், அங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்து இங்கே ஓட்டிய விலை உயர்ந்த கார்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும். பெயர் மாற்றும்போது தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் உங்கள் தலையில் விழும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 2023 நவம்பர் முதல் இது 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனால் காரின் விலை பெரிது என்பதால் தொகை அப்போதும் லட்சங்களில்தான் வரும். பி.ஒய். எண் கொண்ட கார் மலிவாகத் தெரிந்தால், இந்த வரியைக் கூட்டிய பிறகு விலையைப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தளத்தில் பதிவு காட்டுகிறது என்பதால் அந்தக் கார் முறையாக இறக்குமதியானது என்று ஆகிவிடாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய ‘நும்கோர்’ சோதனையில் பறிமுதலானவை, பூடான் வழியாகக் கடத்தி வரப்பட்டு இந்தியப் பதிவு வாங்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகள். இந்தியாவில் அந்தக் கம்பெனி அதிகாரப்பூர்வமாக விற்காத மாடல் என்றால், சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி ஆவணம்) நகல் இல்லாமல் பேச்சையே தொடங்க வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு ‘முழு வரலாறு’ தரும் தனியார் செயலிகள் பெரும்பாலும் இதே அரசுத் தரவைத்தான் அழகாக அடுக்கித் தருகின்றன. அவசரத்துக்கு வசதி. ஆனால் அதில் விபத்து என்ற கட்டம் காலியாக இருந்தால், விபத்தே நடக்கவில்லை என்று படித்துவிடக் கூடாது.

## வழி 2: இன்சூரன்ஸ் காகிதங்கள்

அடிபட்ட காரைப் பிடிக்க மிக மலிவான வழி இது. ஆனால் கேட்பவர்கள் குறைவு.

பாலிசி நகலில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று அச்சாகியிருக்கும். கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஆறு ஆண்டாக ஒரே ஓனர், ‘ஒரு கீறல்கூட இல்லை’ என்கிறார், பாலிசியில் போனஸ் 20 சதவீதம் என்றால், நடுவில் ஒரு கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஆண்டின் பாலிசி போதாது, கடைசி மூன்று நான்கையும் வாங்கி வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும்.

இதில் மூன்று விலக்குகள் உண்டு. போனஸ் ஓனருக்கு உரியது, காருக்கு அல்ல. கைமாறிய வண்டியில் அது புதிதாகத் தொடங்கலாம், அல்லது அவருடைய வேறு காரிலிருந்து வந்திருக்கலாம். பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போனாலும் போனஸ் போய்விடும். போனஸ் பாதுகாப்பு என்ற ஆட்-ஆன் எடுத்திருந்தால் கிளெய்ம் செய்தும் குறையாமல் நிற்கும். ஆகவே சந்தேகம் வந்தால், ஓனர் தன் மின்னஞ்சலிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, கிளெய்ம் விவரத்தை எழுத்தில் வாங்கித் தரட்டும்.

டோட்டல் லாஸ் விஷயத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பில்) 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை டோட்டல் லாஸாகக் கணக்கிடுவார்கள். ஐ.டி.வி. ஆண்டுக்கு ஆண்டு குறையும், உதிரிபாகத்தின் விலையோ யூரோவோடு சேர்ந்து ஏறும். ஐ.டி.வி. 30 லட்சம் என்றால் எல்லை 22.5 லட்சம். முன்பக்கம் ஓர் இடி, இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர்கள், ஏர்பேக் செட், டாஷ்போர்டு என்று போட்டால் அந்த எல்லையை எட்டுவது கஷ்டமே இல்லை. அப்படிப்பட்ட கார் ஏலத்தில் மலிவாகப் போய், பழைய பாகங்களால் தேற்றப்பட்டு, ஆர்.சி. ரத்தாகாத நிலையில் திரும்பச் சந்தைக்கு வருகிறது. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். ஆனால் பாலிசி வரிசையில் ஓர் ஆண்டு காணாமல் போயிருக்கும்.

## வழி 3: ஷோரூம் ரெக்கார்டும் கம்பெனி ஸ்கேனும்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை இங்கே கொடுங்கள்.

தேதி, மீட்டர் அளவு, மாற்றிய பாகம் மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும் இடம் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்தான். ஓனர் அல்லாதவருக்குத் தரமாட்டார்கள். ஆர்.சி. நகலோடு ஓனரின் சம்மதக் கடிதம் வேண்டும், அல்லது அவரே உங்களோடு வர வேண்டும். நல்ல காரை வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. ‘அதெல்லாம் எதுக்கு சார், வண்டி உங்க முன்னாடிதானே நிக்குது’ என்று மழுப்பினால் சோதனை முடிந்துவிட்டது, வேறு கார் பாருங்கள்.

ரெக்கார்டு வந்ததும் முதலில் இடைவெளிகளைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் குறைந்த மீட்டர் மட்டும் பெருமை இல்லை. 12,000 கி.மீ. மட்டுமே ஓடி, நான்கு ஆண்டு ஆயில் மாற்றாமல் நின்ற காரை விட, 45,000 ஓடி ஆண்டுதோறும் ஆயிலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஃப்ளூயிடும் மாற்றிய கார் மேல். வாரன்டி முடிந்ததும் பலர் வெளி கராஜுக்குப் போய்விடுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்த கராஜின் பில்கள் வேண்டும்.

ஸ்கேன் என்றால் எரர் கோடு பார்ப்பது மட்டுமல்ல. போர்ஷேயை எடுத்துக்கொள்வோம். கம்பெனியின் பிவிஸ் கருவியில், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு வரும். மீட்டர் 18,000 கி.மீ., இன்ஜின் 1,500 மணி என்றால் சராசரி வேகம் 12 கி.மீ. சென்னை நெரிசலுக்கும் இது குறைவு. 45,000 ஓடியிருந்தால் சராசரி 30, அது நம்பும்படி இருக்கிறது. மீட்டரைக் குறைக்கிறவர்கள் இந்த மணிக்கணக்கை மறந்துவிடுவது உண்டு.

அதே அறிக்கையில் ஓவர்-ரெவ் கணக்கும், அதாவது இன்ஜின் வரம்பு மீறிச் சுழன்ற கணக்கும் இருக்கும். 2009-க்குப் பிந்தைய மாடல்களில் அது ஆறு நிலைகளாக வரும். எந்த நிலையில் எத்தனை முறை, கடைசியாக எத்தனையாவது மணியில் என்று தெளிவாகத் தெரியும். கீழ் நிலைகள் ரெவ் லிமிட்டரை (இன்ஜின் சுழற்சிக்கு வரம்பு போடும் ஏற்பாட்டை) தொட்டதால் வருபவை, பயப்பட வேண்டாம். மேல் மூன்று நிலைகள் மேனுவல் காரில் தவறான கியருக்கு இறக்கியதால் வருபவை. 1,500 மணி ஓடிய இன்ஜினில் 200-ஆவது மணியில் நடந்தது என்றால், அதன் பிறகு 1,300 மணி நன்றாக ஓடியிருக்கிறது. 1,490-இல் நடந்தது என்றால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடலாம். பி.டி.கே. என்ற போர்ஷேயின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தவறான கியருக்கு இறங்க விடாது, அந்தக் கார்களில் இந்தப் பயம் குறைவு.

1997 முதல் 2008 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டரும், டர்போ, ஜி.டி.2, ஜி.டி.3 தவிர்த்த 911-உம் என்றால், ரெக்கார்டில் தேட வேண்டிய இன்னொன்று ஐ.எம்.எஸ். பேரிங், அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங். அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். மாற்றியதற்கு பில் உண்டா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். 2009-இல் வந்த புதிய இன்ஜின்களில் இந்தத் தண்டே இல்லை.

ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் இசியூவை ட்யூன் செய்ததை ஷோரூம் கருவி கண்டுபிடித்தால், கம்பெனிப் பதிவில் டி.டி.1 என்ற குறி விழும். அதன் பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்டி கேட்பது கடினம். பி.எம்.டபிள்யூவில் மீட்டர் அளவு ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூல்களில் பதிவாகும். பல மாடல்களில் சாவியிலும் இருக்கும். இரண்டு சாவியையும் கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவு என்ன? போர்ஷே போன்ற பிராண்டுகளின் சர்வீஸ் சென்டர் ஒரு சில நகரங்களில்தான் உண்டு. கார் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டு போகும் செலவும், இடையில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதும் முன்பே பேசி எழுதப்பட வேண்டும்.

## வழி 4: தனி மெக்கானிக்கும் பெயிண்ட் மீட்டரும்

ஷோரூம் ரெக்கார்டுக்குத் தெரியாத அடியை உலோகம் சொல்லும். வெளியே டிங்கரிங் பார்த்து, கிளெய்மும் போடாமல் முடித்த விபத்து எந்தப் பதிவிலும் இருக்காது. அதைக் கண்டுபிடிப்பது இந்தச் சோதனை மட்டும்தான்.

கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் இருக்கும். 250, 300 வந்தால் மறுபடி அடித்தது. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் கை வைக்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரும்பை மட்டும் படிக்கும் மலிவு மீட்டர் இங்கே உதவாது. 2015-க்குப் பிந்தைய மஸ்டாங்கில் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம், ஜாகுவார் எஃப்-டைப்பில் பாடியே அலுமினியம். இரண்டு உலோகத்தையும் படிக்கும் மீட்டர் வேண்டும். அடுத்தது, பி.பி.எஃப். (பெயிண்டைக் காக்கும்) ஃபிலிம் ஒட்டிய காரில் ஃபிலிமே 150 மைக்ரானுக்கு மேல் கூட்டிக் காட்டும். கதவைத் திறந்து, ஃபிலிம் போகாத உள் விளிம்பில் வைத்துப் பாருங்கள்.

பெயிண்டுக்குப் பிறகு ஸ்பேனர் பட்ட தடம். ஃபெண்டர் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் அது கழற்றப்பட்டிருக்கிறது. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் ஆண்டுக் குறி, சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் தேதி, இரண்டும் காரின் ஆண்டோடு ஒத்துப்போக வேண்டும். பெல்ட் மட்டும் மூன்று ஆண்டு புதிதாக இருந்தால் ஏர்பேக் வெடித்திருக்கலாம். போர்ஷேயில் முன் டிக்கி மூடியின் உட்புறம் சேஸிஸ் எண்ணும் ஆப்ஷன் குறியீடுகளும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லையென்றால் மூடி மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

சேஸிஸ் எண்ணை நான்கு இடங்களில் படித்து ஒப்பிட வேண்டும்: பாடியில் குத்தியது, முன் கண்ணாடியின் கீழோ கதவுத் தூணிலோ இருப்பது, ஆர்.சி., இசியூவுக்குள் இருப்பது. 17 எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஆர்.சி.யில் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ அடித்திருந்தால் அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், ஆனால் திருத்த வைக்க வேண்டியது விற்பவர்.

காரின் கம்ப்யூட்டரில் உள்ள பிழைக் கோடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. அடாப்டர் ஒன்று ஆயிரம் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. அதில் பார்க்க வேண்டியது, கோடு அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்ற எண். 14 கி.மீ. என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் யாரோ செக் இன்ஜின் விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

வெள்ளம்: 2015, 2023 டிசம்பர்களில் சென்னையிலும், 2018-இல் கேரளத்திலும் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. ஸ்போர்ட்ஸ் கார் தரையை ஒட்டி நிற்பதால் மற்ற கார்களுக்குச் சக்கரம் நனையும் மட்டத்திலேயே இதற்குள் நீர் புகுந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் ரெயில், கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர் இரண்டையும் பாருங்கள். திறந்து மூடும் கூரை உள்ள காரில் ஒரு நுணுக்கம்: கூரையின் வடிகால் துளை அடைத்தாலும் கார்ப்பெட் நனையும். பழைய பாக்ஸ்டரில் சீட்டுக்கடியில் உள்ள மாட்யூல் அப்படித்தான் கெடுகிறது. வெறும் நீர்க்கறை என்றால் வடிகால், மண் படிவு என்றால் வெள்ளம்.

ட்ராக்கில் ஓட்டிய கார் என்றால் பிரேக் டிஸ்க்கில் நீல நிறமும் மயிரிழை விரிசலும், வீல் ஆர்ச்சுக்குள் உருகி ஒட்டிய டயர் ரப்பரும் காட்டிக்கொடுக்கும். ட்ராக்கில் ஓட்டியதே குற்றமில்லை. மறைத்து விற்பதுதான் தவறு.

இந்த வழியின் பலவீனம் மெக்கானிக்கே. கமிஷனுக்கு வேலை செய்பவராகவும் இருக்கலாம், அந்த பிராண்டைத் திறந்தே பார்க்காதவராகவும் இருக்கலாம். காரை விற்கும் கன்சல்டிங் பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம். லிஃப்ட் இல்லாத இடத்தில் செய்யும் சோதனையும் வேண்டாம்.

## வழி 5: கம்பெனி சான்றளித்த பழைய கார்

போர்ஷே அப்ரூவ்டு, பி.எம்.டபிள்யூ பிரீமியம் செலெக்ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ், மெர்சிடிஸ்-பென்ஸ் சர்டிஃபைடு என்று இவை வரும். சோதனையை அவர்களே செய்து வாரன்டியும் தருகிறார்கள். விலை கூடும். பதிலாக, தவறு நேர்ந்தால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது.

கையெழுத்துக்கு முன் வாரன்டியில் எவை அடங்காது என்ற பக்கத்தைப் படியுங்கள். கிளட்ச், பிரேக், டயர், கூரையின் மோட்டார் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள், சான்றிதழ் மட்டும் போதாது. பழைய மாடல்கள் இந்தத் திட்டத்துக்குள் வருவது அரிது. பத்துப் பன்னிரண்டு வயதான கார்தான் உங்கள் ஆசை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

பிராண்டைச் சேராத கன்சல்டிங்குகளும் ‘சர்டிஃபைடு’ என்று போர்டு வைப்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் டீலர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | சட்டச் சிக்கல் | அடி, வெள்ளம் | மீட்டர் | ஓட்டிய விதம் | செலவு | விற்பவர் சம்மதம் |
|---|---|---|---|---|---|---|
| அரசுப் பதிவு | நன்றாகப் பிடிக்கும் | தெரியாது | தெரியாது | தெரியாது | ஏறக்குறைய இலவசம் | வேண்டாம் |
| இன்சூரன்ஸ் | கொஞ்சம் | கிளெய்ம் போட்டது மட்டும் | தெரியாது | தெரியாது | இலவசம் | வேண்டும் |
| ஷோரூம், ஸ்கேன் | இல்லை | அங்கே பழுது பார்த்தது மட்டும் | மிக நன்று | மிக நன்று | சில ஆயிரங்களும் போக்குவரத்தும் | கட்டாயம் |
| தனி மெக்கானிக் | சேஸிஸ் எண் மட்டும் | மிக நன்று | ஓரளவு | ஓரளவு | சில ஆயிரம் | வேண்டும் |
| சான்றளித்தது | அவர்கள் பொறுப்பு | அறிக்கையைப் பொறுத்து | நன்று | கேட்டால்தான் தெரியும் | காரின் விலையில் ஏறும் | பொருந்தாது |

## யாருக்கு எது

மூன்று நான்கு வயதுக் கார், முதல் ஸ்போர்ட்ஸ் கார், நம்பகமான மெக்கானிக் யாரும் இல்லை: சான்றளித்த காரை வாங்குங்கள். அந்தக் கூடுதல் விலை வீண் போகாது.

எட்டு வயதுக்கு மேல், தனி ஓனரிடம்: முதல் நான்கு வழிகளும் வேண்டும், இதே வரிசையில். இலவசமானவற்றில் தோற்ற காருக்கு ஸ்கேன் செலவு செய்யத் தேவையில்லை. மேனுவல் கியர் என்றால் ஷோரூம் ஸ்கேனை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

வெளிமாநில எண், விலை சந்தேகப்படும்படி குறைவு: மெக்கானிக்குக்கு முன் வரிக் கணக்கு. உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைஃப் டாக்ஸ் எவ்வளவு வரும் என்று கேட்டு, பழைய மாநில ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 என்.ஓ.சி. வாங்கித் தரும் பொறுப்பை விற்பவரிடம் விடுங்கள்.

ஓனர் ஒரு கம்பெனி: விற்க அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தும் நிறுவனத் தீர்மானமும் இல்லாமல் பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் விழும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

எந்த வகையானாலும் சோதனைக்கு முன் டோக்கன் (முன்பணம்) கேட்பார்கள். கொடுக்கலாம், சிறிய தொகையாக, வங்கி வழியாக மட்டும். ரசீதில் நான்கு விஷயம் இருக்கட்டும்: காரின் சேஸிஸ் எண், சர்வீஸ் ரெக்கார்டு எடுக்க ஓனரின் சம்மதம், சோதனை எந்த இடத்தில் எந்தத் தேதிக்குள் என்பது, சோதனையில் விபத்தோ வெள்ளமோ மீட்டர் முரணோ தெரிந்தால் முழுத் தொகையும் மூன்று நாளில் அதே கணக்குக்குத் திரும்பும் என்ற வரி.